கோடைக்கு வடக்கே போகும் ரொறன்ரோ நண்பர்களுக்கு

அன்பான நண்பர்களே,

போன கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பார்த்தேன். கில்லார்னிப் பூங்காவின் பாறையில் பிள்ளைகள் கல்லடுக்கி, தலையும் இரண்டு கையும் இரண்டு காலும் வைத்து நிறுத்திய உருவம். கீழே "எங்கட இனுக்சுக்" என்று எழுதியிருந்தது. வடிவாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

இனுக்சுக் என்பது வடதுருவப் பக்கம் வாழும் இனுவிட் மக்கள் அடுக்கி நிறுத்தும் கல். மனிதருக்குப் பதிலாக நின்று வேலை செய்வது என்று அதற்குப் பொருள். மரமே இல்லாத, பனி மூடினால் நாலு திசையும் ஒன்றாகிவிடும் நிலம் அவர்களுடையது. இந்த ஏரியில் மீன் உண்டு, இங்கே இறைச்சி சேமித்திருக்கிறது, இப்படிப் போ என்று முன்னால் போனவர் பின்னால் வருபவருக்குக் கல்லில் சொல்லி வைத்தார். கரிபூ மான் வேட்டையில் இரண்டு வரிசையாகக் கல் நிறுத்துவார்கள். போகப்போக வரிசைகளுக்கு நடுவே இடைவெளி குறுகும். பெண்களும் பிள்ளைகளும் கூச்சலிட்டு விரட்ட, கல்லையும் ஆளென்று நினைத்து மிரண்ட மந்தை வேடர்கள் பதுங்கியிருக்கும் இடத்துக்கே வந்து சேரும். பாஃபின் தீவின் இனுக்சுக் முனையில் இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை நிற்கின்றன. 1969இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது.

கை கால் வைத்ததற்குப் பெயரே வேறு: இனுங்குவாக், மனிதனைப் போல ஒன்று. 2010 வான்கூவர் ஒலிம்பிக் சின்னமாக வந்தது அந்த வகைதான். இனுவிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் வடபகுதியான நுனாவுட்டின் முன்னாள் ஆணையர் பீட்டர் இர்னிக் அப்போதே அதைக் குறை சொன்னார். நுனாவுட் கொடியில் 1999 முதல் இனுக்சுக் இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதற்கு அது போதும்.

நாம் அடுக்குவது யாருக்கு என்ன சொல்கிறது? 69ஆம் நெடுஞ்சாலையில் வெட்டிய பாறைகளின் மேலெல்லாம் வரிசையாக நிற்கின்றனவே, அவை எந்த வழியையும் காட்டுவதில்லை. கில்லார்னியில் நடைபாதையைக் காட்டுவதும் கற்குவியல்தான் என்பதால், யாரோ விளையாட்டுக்கு அடுக்கியதை நம்பி ஆட்கள் வழி மாறலாம். 2007இலேயே பூங்காவினர் நிறுத்துங்கள் என்று கேட்டுவிட்டார்கள். புரட்டிய கல்லுக்கடியில் குடியிருந்த பல்லி போன்ற சலமாண்டருக்கும் வீடு போய்விடுகிறது.

பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அடுத்த முறை படம் எடுத்தபிறகு கல்லை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். உண்மையில் பார்க்க ஆசையென்றால் ரொறன்ரோவிலேயே ஏரிக்கரையில் ஒன்று இருக்கிறது. நுனாவுட்டின் கேப் டோர்செற்றைச் (இப்போது கின்ங்காயிட்) சேர்ந்த இனுவிட் கலைஞர் கெலிபாலிக் கிமிர்பிக் 2002இல் அமைத்தது. அதுவும் கை விரித்த உருவம்தான், அதனால் பிள்ளைகள் என்னை மடக்கக்கூடும். மடக்கட்டும். ஞாயிறு பின்னேரம் வருவதானால் நானும் வருகிறேன், தேத்தண்ணீர் பிளாஸ்க் என் பொறுப்பு.

அன்புடன்,
உங்களோடு கூடாரம் அடிக்கும் ஒருவன்