சத்ரா கரையில் அளவுகோல் பார்த்த அண்ணாவுக்கு

வணக்கம் அண்ணா.

2024 செப்டம்பர் 29 விடியலில், நேபாளத்திலிருந்து பீகாருக்குள் இறங்கும் கோசி ஆற்றின் தடுப்பணையைத் தாண்டியது விநாடிக்கு 6.61 லட்சம் கன அடி. 1968க்குப் பிறகு இவ்வளவு நீர் வந்ததில்லை. 56 ஷட்டரும் திறந்து கிடந்ததை எல்லோரும் படத்தில் பார்த்தாயிற்று. நாங்கள் சொல்ல வந்தது, மேலே நேபாளத்துச் சத்ராவில் ஆற்றுமட்டம் பார்த்து, கீழே பீகாரில் இருக்கும் எங்களுக்கு நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளைப் பற்றி.

ஒவ்வொன்றிலும் நாலே விவரம்: மட்டம் மீட்டரில், நேபாள நேரம், இந்திய நேரம், ஏறுகிறதா இறங்குகிறதா. இரண்டு நாட்டுக் கடிகாரமும் 15 நிமிடம் விலகியிருப்பது சாதாரண நாளில் யாருக்கும் உறைக்காது. ஆனால் முதல் அளவை நேபாள நேரத்திலும் அடுத்ததை இந்திய நேரத்திலும் குறித்துவிட்டால் ஒரு மணி இடைவெளி முக்கால் மணியாகிவிடும். ஆறு ஏறும் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடித் தெரியும். அலையடித்தபோது முகட்டையும் பள்ளத்தையும் பார்த்து நடுமட்டத்தை எழுதினீர்கள். மரம் மோதிக் கோல் சாய்ந்ததும், வேறு குறியிலிருந்து அளப்பதாகத் தனியே சொன்னீர்கள். சொல்லாதிருந்தால் ஆறு சட்டென இறங்கிவிட்டதென்றே கணக்குப் போட்டிருப்போம்.

உச்சம் கடந்த பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஊறிப்போன மண்கரைக்கு நீர் வடியும் நேரம்தான் சோதனை. வெளியே முட்டுக்கொடுத்த ஆற்றுநீர் விலகிவிடும், கரைக்குள் புகுந்த நீர் அத்தனை விரைவில் வடியாது, ஆற்றுப்பக்கச் சரிவு பொத்தென்று சரியும். மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதென்று தெரிந்ததால்தான் எந்த இடத்தில் ஆளை நிறுத்துவது, மணல்மூட்டைகளை எங்கே இறக்குவது என்று முடிவெடுக்க முடிந்தது. நள்ளிரவில் வந்த "மாற்றமில்லை" கூடப் பெரிய உதவி. ஒன்றுமே வராவிட்டால் ஆறு நிற்கிறதா, கைபேசி அணைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஷட்டர் இயக்கியவர்கள், படகுக்காரர்கள், கைபேசிகளுக்குச் சார்ஜ் போட்டுத் தந்த கடைக்காரர்கள், தங்கள் நகரமே மூழ்கியபோதும் எச்சரிக்கையை நிறுத்தாத காத்மாண்டு வானிலையாளர்கள், எல்லோருக்கும் நன்றி. கரையின் ஊர்ப்பக்க அடிவாரத்தில் டார்ச்சோடு நடந்து, ஆற்றுநீர் கரைக்கடியில் கசிந்து பொங்கும் ஊற்றுத் தேடிய ஊர்க்காரர்களுக்கும்தான். மண்ணையும் அரித்துக்கொண்டு கலங்கலாகப் பொங்கிய ஊற்றை அவர்கள் அடைக்கவில்லை. அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றி மூட்டை அடுக்கி, நீரை உள்ளே தேக்கி, தெளிந்து வரும்வரை காத்திருந்தார்கள்.

இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட கோசி ஒப்பந்தம் 1954 ஏப்ரல் 25இல் கையெழுத்தானது, 1966இல் திருத்தப்பட்டது. தடுப்பணை நேபாள மண்ணில், ஷட்டர் பீகாரின் கையில். 2008 ஆகஸ்ட் 18இல் நேபாளத்துக் குசஹாவில் கரை உடைந்தபோது ஓடிய நீர், தாங்க வேண்டிய 9.5 லட்சம் கன அடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு கரையோரத்தை அரித்தே உள்ளே வந்தது. அரிப்பை மேலே அளவுகோல் காட்டாது. கரையில் நடப்பவர் கண்ணில்தான் படும். அந்த ஆட்களுக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை என்பது எங்கள் நெடுநாள் குறை.

செய்தி இதுவரை மேலிருந்து கீழாகவே வந்திருக்கிறது. ஷட்டர் இறங்கினால் தேங்குவது உங்கள் பக்கம், நேபாள மாவட்டங்களான சப்தரியிலும் சுன்சரியிலும். அடுத்த மழைக்காலம் முதல் திறந்திருக்கும் ஷட்டர் எத்தனை, தடுப்பணையின் மேல்புற மட்டம் என்ன என்பதை இரண்டு நேரத்தோடும் நாங்கள் அனுப்புவோம். மாற்றமில்லாவிட்டாலும் அனுப்புவோம். ஜூன் முதல் வாரத்தில் ஒத்திகை வைப்போம்; புதுக் கோலின் பூஜ்ய மட்டத்தையும் அன்றே சரிபார்த்துவிடலாம்.

அன்புடன்,
கீழ்க்கரை நண்பர்கள்