கிருஷ்ணகிரில எங்க தெரு நலச்சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை: சுரங்கம் விஷயமும் சேத்து

தலைவர் அண்ணனுக்கும் பொருளாளர் பாய்க்கும் கமிட்டி மெம்பருங்களுக்கும் தெருக்காரங்க எல்லாருக்கும் செயலாளரோட வணக்கம். கூட்டத்துல வாசிக்கப்போறத முன்னாடியே குரூப்ல போட்டுடுறேன், ஏன்னா போன வருஷம் நான் மைக்க புடிச்சதும் பாதி பேர் போண்டா பக்கம் போயிட்டீங்க.

மொதல்ல சின்ன விஷயங்கள முடிச்சிடுறேன். ஒகேனக்கல் தண்ணி இப்ப ஓரளவுக்கு டைமுக்கு வருது, கடைசி வீடுங்களுக்கு மட்டும் ப்ரெஷர் இல்ல, மனு குடுத்திருக்கோம். தெரு லைட் ரெண்டு கம்பத்துல எரியல, அதுல ஒண்ணு சரியாயிடுச்சு. பொங்கல் கோலப்போட்டி நல்லா நடந்துச்சு, ஜட்ஜ் பண்ணவங்க மேல இன்னும் கோவமா இருக்குறவங்க தயவுசெஞ்சு அத விட்ருங்க. சாக்கடை அப்படியேதான் இருக்கு.

இப்ப எல்லாரும் கேக்குற சுரங்கம் மேட்டருக்கு வரேன், அதான் நம்ம தெருவுல ஒரு வீட்டு பின்னாடி விழுந்த ஓட்டைய கோட்டைக்கு போற ரகசிய வழினு சொல்றாங்களே, அது. இத பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி, சொந்தக்காரங்க பெங்களூர்ல இருந்தெல்லாம் போன் பண்ணி உங்க தெருவுல தங்கம் கெடச்சுதாமேனு விசாரிக்குற அளவுக்கு போயிடுச்சு, அதனால நடந்தது என்னன்னு சங்கத்து ரெக்கார்டுல ஒரு எடத்துல முழுசா இருக்கட்டும்னு எழுதுறேன்.

2024 டிசம்பர் மொத வாரத்துல ஃபெஞ்சல் புயல் மழை ஞாபகம் இருக்கும். ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டி பஸ்ஸு வேனெல்லாம் அடிச்சிட்டு போச்சு. நம்ம பக்கம் அவ்ளோ இல்லனாலும் மண்ணு நல்லா ஊறிப்போச்சு. மழை விட்டதும் வடக்குக் கோடில ஒரு வீட்டு பின்னாடி, அந்தக் காலத்துல மாட்டுக்கொட்டாய் இருந்த எடத்துல, தரை உள்வாங்கி ஒரு ஆள் நுழையுற அளவுக்கு ஓட்டை விழுந்துச்சு. செல்போன் லைட் அடிச்சு பாத்தா வாய் சின்னது, உள்ள நல்லா அகலமா போகுது. அவ்ளோதான், சாயங்காலத்துக்குள்ள அது திப்பு சுல்தான் சுரங்கம் ஆயிடுச்சு.

நம்ம கிருஷ்ணகிரி மலைக்கோட்டைல இருந்து சுரங்கம் போகுதுங்குற கதை நம்ம ஊர்ல பொறந்த எல்லாருக்கும் தெரியும். ஆனா எங்க போகுதுங்குறதுலதான் ஒத்துமை இல்ல. ஒருத்தர் ராயக்கோட்டைங்குறார், இன்னொருத்தர் ஜெகதேவிங்குறார், டீக்கடை கோஷ்டி ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் குதிரைலயே போலாம்னு சத்தியம் பண்ணுது. ஆட்டுக்குட்டி ஒண்ணு உள்ள போயி மூணு நாள் கழிச்சு ராயக்கோட்டைல வெளிய வந்துச்சாம், கழுத்துல கட்டின மணிய வச்சு கண்டுபுடிச்சாங்களாம். அது யாரோட ஆடுன்னு நான் கேட்ட எல்லாரும் அவங்க தாத்தாவோட ஃப்ரெண்டோட ஆடுன்னாங்க. போன எவனும் திரும்பி வரல, பூதம் காவல் இருக்குனு சொல்றதும் அதே ஆளுங்கதான். அப்ப ஆட்டுக்குட்டிய மட்டும் பூதம் எப்படி விட்டுச்சு?

சிரிச்சிட்டு விட்டிருப்போம். ஆனா அமாவாசை ராத்திரி யாரோ வந்து ஓட்டை பக்கத்துல எலுமிச்சம்பழம் அறுத்து குங்குமம் கொட்டி வச்சிட்டு போயிருந்தாங்க, கார்ல வந்த வெளியூர்க்காரங்க ரெண்டு பேர் அந்த வீட்டுக்காரர்கிட்ட எடத்த வெலைக்கு தரியானு கேட்டிருக்காங்க. அதுக்கு மேல, நம்ம தெரு பசங்க நாலஞ்சு பேர் இடுப்புல கயிறு கட்டி எறங்கி ரீல்ஸ் எடுக்குறதா ப்ளான் போட்டு கயிறும் வாங்கிட்டாங்க. அது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரியே தலைவர் அண்ணன் தகர ஷீட்ட போட்டு மேல கல்ல வச்சு மூடி, கமிட்டிய கூப்ட்டு, இது என்னன்னு பாத்து முடிவு கட்டுங்கனு சொல்லிட்டார். ரிடையர்டு ஹிஸ்டரி வாத்தியார், குவாரில மேஸ்திரியா இருந்த மாமா, காலேஜ்ல தொல்லியல் படிக்குற நம்ம தெரு பொண்ணு, கூட நான், இந்த நாலு பேருதான் எறங்கி விசாரிச்சோம்.

வாத்தியார் பழைய கெஜட்டியர் எல்லாம் எடுத்துட்டு வந்தார், அதான் ஜில்லா வெவரமெல்லாம் எழுதி அரசாங்கம் போட்ட புஸ்தகம். சேலம் ஜில்லா பேர்லதான் தேடணும், ஏன்னா நாம 1965 வரைக்கும் சேலம் ஜில்லா, அப்புறம் தர்மபுரி, 2004ல தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம். அவர் சொன்ன ஒரு பாயிண்ட்டு எனக்கு ரொம்ப புடிச்சுது. திப்புவோட அப்பா ஹைதர் அலி காலத்து மொதல் மைசூர் சண்டைல இங்கிலீஷ்காரன் இந்தக் கோட்டைய நேரா அடிச்சு புடிக்க முடியாம, சுத்தி வளைச்சு உக்காந்துதான் 1768ல வாங்கினான். முற்றுகைனா என்ன, உள்ள சாப்பாடும் போகக்கூடாது ஆளும் போகக்கூடாது. ராயக்கோட்டைக்கு குதிரை போற சுரங்கம் இருந்தா உள்ள இருந்தவன் ஏன் சரணடையுறான், மூட்ட மூட்டயா அரிசி கொண்டாந்திருக்கலாமே, இல்ல ராத்திரியோட ராத்திரியா கெளம்பி போயிருக்கலாமே. அப்புறம் 1791 நவம்பர்ல இங்கிலீஷ் கர்னல் மேக்ஸ்வெல் ராத்திரில வந்து கீழ்க்கோட்டைய புடிச்சிட்டு ஏணி போட்டு மேல ஏறப்பாத்தான், மேல இருந்தவங்க பெரிய பெரிய பாறாங்கல்ல உருட்டி விட்டே தொரத்திட்டாங்க. அந்தச் சண்டைலயும் காப்பாத்துனது செங்குத்தா நிக்குற பாறைதான். அடுத்த வருஷம் 1792ல ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல நம்ம ஊரு சேந்த பாராமகால் பகுதி மொத்தமா கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு போயி, கேப்டன் ரீடு கலெக்டரா வந்து, மன்றோ அவருக்கு கீழ வேல பாத்து, ஊர் ஊரா நெலத்த அளந்து வரி போட்டாங்க. ஒவ்வொரு வயலையும் அளந்தவன் கண்ணுல ராயக்கோட்டை வரைக்கும் போற சுரங்கம் மட்டும் படாம போயிருக்குமாங்குறது வாத்தியாரோட கேள்வி.

குவாரி மாமாவுக்கு ஹிஸ்டரில இன்ட்ரஸ்ட் கெடையாது. அவர் மலைய அண்ணாந்து பாத்துட்டு, "இது முழுசா ஒரே கருங்கல்லுப்பா, இன்னிக்கு கம்ப்ரசர் வச்சு டிரில் போட்டு, வயர் சா வச்சு அறுத்தே நாங்க படாதபாடு படுறோம், அவன் உளியும் சுத்தியலும் வச்சு ராயக்கோட்டை வரைக்கும் குடைஞ்சிருந்தா அந்தக் கல்லெல்லாம் எங்க கொட்டினான்?"னு கேட்டார். நியாயமான கேள்வி. அவ்ளோ கல்ல வெளிய எடுத்தா இன்னொரு சின்ன மலையே நிக்கணும். வழில தென்பெண்ணை ஆறு வேற இருக்கு, நேர்கோடு போட்டு பாத்தா கேஆர்பி டேம் தண்ணி நிக்குற பக்கமா அடில போகணும். காத்துக்கு மேல ஓட்டை விட்டிருக்கணும், அப்படி ஒரு ஓட்டையும் வழில எந்த ஊர்லயும் இல்ல. மலை மேல சுரங்க வாசல்னு பசங்க காட்டுற எடத்தயும் போயி பாத்தோம், பாறைக்கும் பாறைக்கும் நடுவுல இருக்குற சந்து அது, டார்ச் அடிச்சா கொஞ்ச தூரத்துல முட்டிட்டு நிக்குது, வவ்வால் நாத்தம் தாங்கல. வர்ற வழில தர்கா கிட்ட உக்காந்திருந்த ஒரு பெரியவர்கிட்ட கேட்டோம், அவர் சின்ன வயசுலயே அந்த சந்துக்குள்ள போயி முட்டிக்கிட்டு திரும்பி வந்தவராம், அத யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்கனு வருத்தப்பட்டார்.

சரி, மலைல சுரங்கம் இல்ல, அப்ப நம்ம தெருவுல இருக்குற ஓட்டை என்ன? இதுக்கு பதில் சொன்னது கெஜட்டியர் இல்ல, அந்த வீட்டுக்கு எதிர்ல இருக்குற அவ்வா, அதாவது பாட்டி. தெருவே அங்க கூடி நின்னப்ப அவங்கள மட்டும் யாரும் கேக்கல. வாசல்ல உக்காந்து முருங்கக்கீர ஆஞ்சிக்கிட்டே, "அது எங்க மாமியாரு காலத்து ராகி பாதர கண்ணு, அதுக்கு ஏன் எலுமிச்சம்பழம் வெக்கறீங்க"ன்னாங்க.

ராகி பாதரனா ராகிக் குழி, அது தெரியாத சின்னப் பசங்களுக்காக கொஞ்சம் வெவரமா சொல்றேன். நம்ம பக்கமும் மைசூர் பக்கமும் ராகிய மூட்டைல வைக்காம தரைக்கு அடில குழி வெட்டி கொட்டி வைக்குற பழக்கம் இருந்துச்சு. குழி குடம் மாதிரி இருக்கும், கழுத்து குறுகல், வயிறு அகலம். உள்சுவத்த களிமண்ணால பூசி, தீ மூட்டி காய வச்சு, அடிலயும் ஓரத்துலயும் வைக்கோல் போட்டு ராகிய கொட்டி, வாய கல்ல வச்சு மூடி மேல மண்ண போட்டு மெழுகிடுவாங்க. மேல மாட்ட கட்டிட்டா கீழ தானியம் இருக்குறதே தெரியாது. ராகி பொடி தானியம், நெருக்கமா படிஞ்சுக்கும், நல்லா காஞ்ச ராகி வருஷக்கணக்குல கெடாது. மழை பொய்ச்சா அதுதான் உசுரு. 1876ல ஆரம்பிச்ச தாது வருஷப் பஞ்சத்துல சேலம் ஜில்லா பட்ட பாடு நம்ம வீட்டு பெரியவங்க வாய்வழியா கேட்டிருப்பீங்க. ஹைதர் படை, கம்பெனி படைனு மாறி மாறி போன ரோட்டு மேல இருக்குற ஊரு இது, போற படையெல்லாம் தானியத்ததான் மொதல்ல தேடும், அதனால ஒளிச்சு வைக்குறதுக்கு காரணமும் நெறய இருந்திருக்கு. ஆக வீட்டுக்கு அடில ரகசியமா ஒரு பள்ளம் இருக்கு, அதுல சொத்து இருக்குங்குற வரைக்கும் ஊர்க்கதை கரெக்ட்டுதான், அந்த சொத்து ராகி.

பூதம் விஷயமும் அவ்வா சொல்லித்தான் வெளங்குச்சு. குழிய தொறந்ததும் யாரும் உடனே எறங்க மாட்டாங்களாம், ஒரு நாள் தொறந்து போட்டு, விளக்க கயித்துல கட்டி உள்ள விட்டு, அது அணையாம இருந்தாத்தான் ஆள் எறங்குவாங்களாம். அவங்க மாமியார் ஊர்ல அவசரப்பட்டு எறங்கின ஒருத்தரும், அவர தூக்கப்போனவரும், ரெண்டு பேரும் உள்ளயே போயிட்டாங்களாம். தொல்லியல் பொண்ணு அதுக்கு காரணத்த சொன்னா. மூடின குழில தானியமும் பூஞ்சையும் மூச்சு விட்டு விட்டு ஆக்சிஜன் தீந்துபோயி கார்பன் டை ஆக்சைடு ரொம்பிடும், அது காத்த விட வெயிட்டு, அடிலயே தங்கும். வண்டு பூச்சி உயிரோட இருக்க முடியாம ராகி பத்திரமா இருக்குறதும் அதனாலதான், மனுஷன் எறங்கினா மயங்கி விழுறதும் அதே காத்துலதான். நிறமும் இல்ல, விழுறதுக்கு முன்னாடி தெரியவும் தெரியாது. பின்ன போனவன் திரும்பி வரலனு ஊர் சொல்லாம என்ன பண்ணும்.

கயிறு வாங்கின பசங்க இத நல்லா ரெண்டு தடவ படிங்க. இன்னிக்கும் செப்டிக் டேங்க்லயும் பழைய கெணத்துலயும் மொத ஆள காப்பாத்த போயி ரெண்டாவது ஆள் மூணாவது ஆள் சாவுறது பேப்பர்ல வந்துட்டேதான் இருக்கு. விளக்கு அணையலேன்னா சேஃப்னும் நம்பாதீங்க, விளக்கு எரியுற காத்துலயே மனுஷனுக்கு மயக்கம் வரலாம், அவ்வா காலத்துக்கு அதுதான் இருந்துச்சு, நமக்கு போன் இருக்கு. ஓட்டை கண்டா ஃபயர் சர்வீஸுக்கு போன் போடுங்க. நாங்களும் போட்டோம், வந்து பாத்துட்டு யாரும் எறங்கக்கூடாதுன்னுட்டு போனாங்க, நாங்களும் எறங்கல. அந்தப் பசங்க வாங்கின கயித்துலயே லைட்டயும் ஒரு பழைய போனயும் கட்டி உள்ள விட்டு வீடியோ எடுத்தோம். சுத்தி சுவரு மூடி இருக்கு, எந்தப் பக்கமும் வழி போகல, பூச்சு கருகி கறுப்பா இருக்கு, அடில மழை மண்ணும் மக்கின உமியும். வீடியோவ குரூப்ல போட்டப்ப பாதி பேருக்கு ஏமாத்தம். ஒரு அண்ணன் மட்டும் இன்னும் விடல, அது பொய்ச்சுவரு, அதுக்கு பின்னாடிதான் சுரங்கம் ஆரம்பிக்குதுங்குறார். அவர நான் சமாளிக்க முடியாது, கூட்டத்துல யாராச்சும் முயற்சி பண்ணுங்க.

புதையல் ஆசை உள்ளவங்களுக்கு வாத்தியார் சட்டத்தயும் சொல்லச் சொன்னார். 1878ல போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுல ஒளிஞ்சிருந்து 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ளது கெடச்சா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும். கோட்டை மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, அங்க கடப்பாரைய எடுத்துட்டு போனா கேஸுதான். பாதுகாக்கப்பட்ட எடத்துல இருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டவே கூடாது, அந்த 100 மீட்டர தாண்டி அடுத்த 200 மீட்டருக்கு பர்மிஷன் வேணும், மலையடிவாரத்துல மாடி எடுக்குறவங்க மொதல்ல இத விசாரிச்சுக்கோங்க.

அந்தக் குழிய என்ன பண்றதுங்குறது இன்னும் முடிவாகல. வீட்டுக்காரர் எம்-சாண்ட் கொட்டி மூடிட்டு பாத்ரூம் கட்டணும்ங்குறார், அவர் எடம், அவர் கஷ்டம் அவருக்கு. தொல்லியல் பொண்ணு அளவெடுத்து படம் போடுற வரைக்கும் பொறுக்கச் சொல்றா. அவ்வா மூடாதீங்கங்குறாங்க, காரணம் சொல்லல. கமிட்டி சார்பா நான் வைக்குற தீர்மானம், வாய்க்கு இரும்பு கிரில் போட்டு பூட்டுவோம், வெல்டிங் செலவு சங்கத்து பணத்துல, படம் வரைஞ்சு முடிஞ்சதும் மேற்கொண்டு வீட்டுக்காரர் முடிவு. கை தூக்கி ஓட்டு. இதே மாதிரி பழைய வீட்டு பின்கட்டுல தரை தட்டினா டொம்முனு சத்தம் வர்றவங்க, வேற குழி இருக்குனு பெரியவங்க சொல்லக் கேட்டவங்க, என்கிட்ட பேர் குடுங்க. அடுத்த மழைக்கு முன்னாடி எங்கெங்க இருக்குனு குறிச்சு வச்சுக்கிட்டா மாடோ கொழந்தையோ உள்ள விழாம தடுக்கலாம்.

வரவு செலவு பொருளாளர் பாய் தனியா வாசிப்பார். சந்தா பாக்கி இருக்குறவங்க லிஸ்ட் என்கிட்ட இருக்கு, கூட்டத்துல படிக்க மாட்டேன், ஆனா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வருவேன்.