கையில் இருக்கும் பறவை எது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேலையை விடப்போகிறேன் என்றதும் உன் மேனேஜர், "கையில் இருக்கும் ஒரு பறவை, புதரில் இருக்கும் இரண்டை விட மேல்" என்றாராம். அதிலிருந்து நீ தூங்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

இதைத்தான் நாம் "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே" என்போம். உறுதியாகக் கிடைத்த சிறியது, கிடைக்குமோ கிடைக்காதோ என்றிருக்கும் பெரியதை விட மேல். ஆனால் இங்கிலாந்தில் இது வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அந்தக் காலத்தில் பழக்கிய வல்லூறைத் தோலுறை மாட்டிய கையில் உட்கார வைத்து வேட்டைக்குப் போவார்கள். கையில் இருப்பது வல்லூறு, புதரில் இருப்பது இரை. வல்லூறு போனால் அடுத்த நாள் வேட்டையே இல்லை. எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும். உன் விஷயத்தில் அந்த வல்லூறு எது, சொல்? சேர்ந்த நாளிலிருந்து அதே ரிப்போர்ட்டை அடிக்க வைக்கும் அந்த வேலையா? உன் படிப்பும் நீ பழகிய தொழிலும்தானே. அவை நீ எங்கே போனாலும் உன்னோடு வரும்.

கேட்ட சம்பள உயர்வில் பாதி தருகிறோம், "ஒன்றும் இல்லாததற்கு அரை ரொட்டி மேல்" என்றும் சொன்னார்களாமே. ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இருக்கிற பழமொழி அது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது போல, வேறு வழியே இல்லாதவருக்குச் சொன்னது. உனக்கு வேறு இடத்தில் முழுச் சம்பளத்துக்கே அழைப்பு வந்திருக்கிறது. அதனால் அந்தப் பழமொழி உனக்குப் பொருந்தாது.

ஒன்றை மட்டும் நீ கட்டாயம் கேட்க வேண்டும். "ஓர் அவுன்ஸ் தடுப்பு, ஒரு பவுண்டு நிவாரணத்துக்குச் சமம்." ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். இப்போது இதை மருத்துவத்துக்குச் சொல்கிறோம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1735இல் பிலடெல்ஃபியா பத்திரிகையில் எழுதியபோது பேச்சு தீயைப் பற்றி. எரியும் கரியை மண்வாரியில் குவித்து ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, மாடிப்படி வழியாகக் கொண்டு போகாதீர்கள், மூடியுள்ள பாத்திரத்தில் கொண்டு போங்கள் என்றார். அடுத்த வருஷமே அந்த ஊரில் தன்னார்வத் தீயணைப்புக் குழுவும் தொடங்கினார். வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு (தீயின் முன் வைக்கோல் போர்) என்று வள்ளுவரும் தீயைத்தான் காட்டுகிறார்.

உனக்கு அந்தத் தீ, விசா. உன் விசா இந்தக் கம்பெனியோடு கட்டியது. வேலை போனால் வேறு வழி தேட 60 நாள்தான் தருவார்கள். அதனால் கோபத்தில் ராஜினாமா எழுதாதே. புதுக் கம்பெனி, விசாவுக்குக் காட்ட வேண்டிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தரட்டும், விசா மாற்றம் அனுமதியாகி வரட்டும். நோட்டீஸ் எத்தனை நாள் என்று உன் ஒப்பந்தத்தில் பார்த்து வை. அதுவரை மேனேஜரிடம் முகம் கொடுத்துப் பேசு.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீயே அவரிடம் பேசு. அழைப்புக் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்பு, நிதானமாகப் படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா