முப்பத்திரண்டு புளியங்கொட்டையும் ஒரு மஞ்சாடியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவும் பாட்டியும் போனை மாற்றி மாற்றிப் பிடுங்கியதில், என் முறை வருவதற்குள் உனக்குக் குளத்துக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. அமெரிக்காவுக்குத் தபாலில் போட்டால் உன் நீச்சல் பந்தயம் முடிந்த பிறகுதான் இது உன் கைக்கு வரும். அதனால் எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவாள். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதே.

நீ சொன்னது இதுதான். "கடைசிப் போட்டியிலும் நான் பிற்பகல் ஹீட்டில்தான் அப்பா. உங்களுக்கு ராத்திரி இரண்டு மணி. யாரும் விழித்திருக்க வேண்டாம். காலையில் நேரத்தை அனுப்பிவிடுகிறேன்."

அது நடக்காது.

முதல் வருடம் இந்தப் பிற்பகல் ஹீட்டை, அதாவது ஒரே பந்தயத்துக்கு ஆட்களைக் குழு குழுவாகப் பிரித்து நீந்தவைப்பதை, நீ எனக்கு விளக்கியபோது எனக்கு வந்த கோபம் நினைவிருக்கிறதா? நூறு கஜம், இருநூறு கஜம் நீந்துகிறவர்களுக்கெல்லாம் காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதிச் சுற்று. உன் 1650 கஜத்துக்கு மட்டும் ஒரே ஒரு தடவைதான். அதிலும் வேகமானவர்களின் கடைசி ஹீட்டை மாலைக்கு எடுத்து வைத்துவிட்டு, மற்றவர்களைப் பிற்பகலில் காலியான கேலரிக்கு முன்னால் நீந்தவைத்து அனுப்பிவிடுகிறார்கள். விளக்கும் ஒலிபெருக்கியும் மாலைக்கு மட்டும்தான். கல்யாண வீட்டில் வேண்டாதவர்களுக்கு முதலிலேயே பந்தி போட்டு முடித்துவிடுவதைப் போலிருக்கிறதே என்று கத்தினேன். "கடிகாரம் ஒன்றுதானே அப்பா, பிற்பகலில் அடித்த நேரத்தையும் ஒரே பட்டியலில்தானே சேர்ப்பார்கள்" என்றாய். உனக்கு அப்போது பதினெட்டு வயது. எனக்கு ஐம்பது.

சென்ற வருடம் நீ சொன்னது புரிந்தது. இரண்டு மணிக்கு நீ நீந்தி முடித்தாய். மாலை ஹீட் முடிந்து முழுப் பட்டியல் வர இங்கே ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. மாலையில் நீந்தியவர்களில் இரண்டு பேர் உனக்குக் கீழே இருந்தார்கள். அம்மா பட்டியலை மூன்று தடவை படித்தாள். பால்காரர் மணி அடித்தபோது வீட்டில் மூன்று பேரும் விழித்திருப்பதைப் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்.

கஜம் என்றதும் என் அவமானக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. உனக்கு இதை முழுதாகச் சொன்னதில்லை. நீ போன முதல் நவம்பரில் 500-ஐ ஐந்து நிமிடம் பத்து விநாடியில் முடித்ததாக எழுதியிருந்தாய். நான் அதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் கால்குலேட்டரைத் தட்டினால், 400 மீட்டருக்கு நான்கு நிமிடம் எட்டு விநாடி என்று வருகிறது. இந்தியாவில் எந்தப் பெண்ணும் எட்டாத வேகம்! ரியோ ஒலிம்பிக்கில் கேட்டி லெடெக்கி உலக சாதனை படைத்தது மூன்று நிமிடம் ஐம்பத்தாறு விநாடியில். நம் பெண்ணுக்கும் லெடெக்கிக்கும் பன்னிரண்டு விநாடிதான் வித்தியாசம் என்று எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக்கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து நீதான், அந்த நாட்டுக் கல்லூரிக் குளங்கள் 25 கஜம், அதாவது 22.86 மீட்டர், என்றாய். மீட்டரே அங்கே செல்லாது என்றும் சொன்னாய். ஜாங்கிரி சாப்பிட்டவர்களிடம் நான் இன்றுவரை திருத்தம் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் கஜத்தில் குழப்பமே வரவில்லை. "ஆறு கஜப் புடவை நாலை நீளவாக்கில் விரித்து, ரவிக்கைத் துணி ஒரு கஜம் சேர்த்தால் குளம்" என்றாள். அந்தக் கணக்கில் உன் பந்தயம் 275 புடவை. ஒருநாள் உன் பந்தய உடை என்ன விலை என்று கேட்டுவிட்டு அதற்கும் புடவைக் கணக்கு போட்டாள். அதை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

பாட்டியின் கணக்கு தனி. நீ பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். பந்தயத்தை நேரலையில் காட்டும் உங்கள் குளத்துக் கேமரா ஒரு மூலையில் மாட்டியிருக்கிறது. உன் தடம் எதிர்ச்சுவர் ஓரம் வந்துவிட்டால் தெரிவதெல்லாம் ஒரு தொப்பியும் கொஞ்சம் நுரையும்தான். தொப்பியும் உங்கள் அணியில் எல்லாருக்கும் ஒரே நிறம். நீ வலப்பக்கம் மட்டுமே மூச்சு வாங்குகிறவள். அதனால் ஒரு நீளத்தில் உன் முகம் எங்கள் பக்கம் தெரியும், திரும்பி வரும்போது தெரியாது. அம்மா முகம் தெரியும் நீளத்துக்காகவே காத்திருப்பாள். பாட்டிக்குக் கண் அவ்வளவு தூரம் எடுப்பதில்லை. அவள் பல்லாங்குழிப் பலகையை மடியில் வைத்துக்கொள்வாள். 66 நீளத்துக்கு, போய் வந்தால் ஒன்று என்று, 33 காய். முப்பத்திரண்டு புளியங்கொட்டை, கடைசிக்கு ஒரு சிவப்பு மஞ்சாடி விதை. நீ புறப்பட்ட பக்கத்துச் சுவரைத் தொட்டுக் குட்டிக்கரணம் போடும்போதெல்லாம் நான் "ம்" என்பேன், அவள் ஒரு காயைப் பக்கத்துக் குழிக்கு நகர்த்துவாள். அரை நிமிடத்துக்கு ஒரு காய். ஏறத்தாழ பதினெட்டு நிமிடமும் வீட்டில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

குளத்தின் மறுமுனையில் உன் தோழி ஒருத்தி குனிந்து எண்பலகையைத் தண்ணீருக்குள் நீட்டி ஆட்டுகிறாள் அல்லவா? ஒற்றைப்படை எண்களாக ஏறிப்போய், கடைசியில் எண்ணே இல்லாத முழு ஆரஞ்சுப் பலகை. அதுதான் பாட்டியின் மஞ்சாடி. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசிக்கு வேறு நிறம் வேண்டும் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது.

இரண்டாம் வருடத்து பிப்ரவரி உனக்கு மறந்திருக்காது. ஆரஞ்சுப் பலகை ஒரு சுற்று முன்னாலேயே வந்துவிட்டது. நீ 64-ஆவது நீளத்தில் சுவரைத் தொட்டு, தலையைத் தூக்கிக் கண்ணாடியைக் கழற்றினாய். நான் இங்கே, "முடித்துவிட்டாள் அம்மா!" என்று துள்ளி எழுந்தேன். பாட்டி அசையவில்லை. "மஞ்சாடி இன்னும் இந்தக் குழியில்தான் இருக்கிறது. போகச் சொல்" என்றாள். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பவளைப் போகச் சொல் என்று எனக்கு உத்தரவு! அதே நேரம் அங்கேயும் யாரோ கத்தியிருக்கிறார்கள். நீ கண்ணாடியைக்கூடச் சரியாகப் போடாமல் சுவரை உதைத்துக்கொண்டு கிளம்பினாய்.

அந்தப் பெண்மீது எனக்கு இருந்த ஆத்திரம் தணியப் பல நாள் ஆயிற்று. விதிப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். எத்தனை நீளம் என்று எண்ணும் பொறுப்பு நீந்துகிறவருடையதுதான், பலகை உதவிக்கு மட்டும் என்று இருந்தது. அதைப் படித்ததும் ஆத்திரம் கூடியது. அடுத்த வருடம் படத்தில் பார்த்தால் பலகையோடு அதே பெண்தான் குனிந்து நிற்கிறாள். "அவளைத்தான் நான் கேட்டேன் அப்பா. இனிமேல் அவளைவிடக் கவனமாக யார் எண்ணப்போகிறார்கள்?" என்றாய். போனை வைத்த பிறகு நான் மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

அங்கே நின்றபோது நினைத்ததைத்தான் இப்போது எழுத வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அதற்காகத்தான்.

2019 செப்டம்பரில், பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், உன் நீச்சல் பையை எடுத்துப் பரணில் வைத்தவன் நான். ஆறு மாதம்தான், பொதுத்தேர்வு முடிந்ததும் போகலாம் என்றேன். வேளச்சேரி குளத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு உன்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவனும் நான்தான் என்பதால், நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நீ நம்பினாய். அழவும் இல்லை. பாட்டிதான் என்னோடு இரண்டு வேளை சாப்பிடாமல் சண்டை போட்டாள்.

பிறகு நடந்ததைத்தான் எல்லாரும் பார்த்தோம். 2020 மார்ச்சில் ஊரே அடைக்கப்பட்டது. தேர்வைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஜூனில் தேர்வே கிடையாது, எல்லாரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு எண்பது சதவீதம், வருகைக்கு இருபது. தினமும் நீந்திக்கொண்டே எழுதிய காலாண்டில் நீ எடுத்தது, நீந்தாமல் உட்கார்ந்து படித்த அரையாண்டைவிட அதிகம். நடக்காத தேர்வுக்காக உன்னைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். திரும்பப் போகலாம் என்றபோது குளங்களையெல்லாம் பூட்டியிருந்தார்கள். ஜன்னல் கம்பியில் ரப்பர் குழாயைக் கட்டி, பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டு, நீ காற்றில் கை வீசிய சத்தம் அடுத்த அறையில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்காக நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்த வருடம் வீணாகாமல் இருந்திருந்தால் நீ மாலை ஹீட்டில் இருந்திருப்பாயா என்று கேட்கமாட்டேன். யாருக்குத் தெரியும். ஆனால் வேளச்சேரிக்கு உன்னை அழைத்துப்போகாத விடியற்காலைகள் என் கணக்கில் பாக்கி இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறேனே, அது அந்தப் பாக்கியில்தான் கழிகிறது. அதைத் தூங்கச் சொல்லி நிறுத்தாதே.

பாட்டி ஏன் அப்படிச் சண்டை போட்டாள் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. திண்டுக்கல் பக்கம் அவள் பிறந்த ஊரில் ஒரு கமலைக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டு அவளுக்கு நீச்சல் பழக்கியது அவளுடைய அப்பா. அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து மேட்டிலிருந்து குதிப்பாளாம், அடிமண்ணை எடுத்துக் காட்டுவாளாம். பதின்மூன்று வயதில் ஆளானதும், இனிமேல் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். அதோடு சரி. அவள் பிள்ளையான எனக்கு இன்றுவரை இடுப்பளவு தண்ணீர் என்றாலே பயம்.

டோக்கியோவில் பெண்களுக்கு முதன்முதலாக 1500 மீட்டர் வைத்தார்களே, அந்தக் காலை நினைவிருக்கிறதா? 2021 ஜூலை, நீ இட்லித் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தாய். லெடெக்கி ஜெயித்தாள். ஆண்களுக்கு எப்போதிலிருந்து இருக்கிறது என்று பாட்டி கேட்டாள். 1908 என்றாய். பாட்டி விரல் விட்டு எண்ணி, முடியாமல் விட்டுவிட்டு, "எங்கள் ஊர்க்காரர்கள் பரவாயில்லை போலிருக்கிறதே" என்றாள். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தூர நீச்சல்தான் இனி என்று நீ சொன்னதும் அந்த வாரத்தில்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீச்சலில்தானே அமெரிக்காவில் சீட் கிடைத்தது என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, நான் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிடுவேன். உன் கல்லூரி அங்கே கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு, அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி, நீ போனது படிப்புக்குக் கிடைத்த உதவியிலும் வங்கிக் கடனிலும் என்று விளக்கினால், "அப்படியானால் நீந்துவது எதற்கு?" என்று அடுத்த கேள்வி வரும். பதில் சொல்லத் தெரியாமல்தான் தலையாட்டினேன். பொங்கலுக்கு வந்த உன் பெரியப்பா அதே கேள்வியைக் கேட்டார். பனியில் ஈரத் தலை விறைத்துக் கம்பி கம்பியாக நின்ற படத்தை அனுப்பியிருந்தாயே, விடியற்காலைப் பயிற்சி முடிந்து விடுதிக்கு நடந்தபோது எடுத்தது, அதைக் காட்டினேன். பெரியப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "தலையைத் துவட்டச் சொல்லுடா" என்றார். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். சீயக்காய்ப் பொடி பார்சல் போன வாரமே கிளம்பிவிட்டது.

இனி ஏற்பாடுகள். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்கே முடித்துக்கொண்டு படுக்கிறோம். ஒன்றரைக்கு அலாரம், என் போனிலும் அம்மா போனிலும். போன் செயலியில் நேரப் பட்டியல் நேரலைப் படத்துக்கு முன்னாலேயே வந்து விஷயத்தைக் கெடுத்துவிடுகிறது என்பதால், இந்த முறை நீ சுவரைத் தொடும்வரை அந்தச் செயலியை யாரும் திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பாட்டிக்கு மத்தியானமே தூக்கம் போடச் சொல்லியிருக்கிறோம், கேட்பாளா தெரியவில்லை. எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் வயதில் விழிக்க வேண்டுமா என்றேன். "நீ 'ம்' சொல்லத் தூங்கிவிடாமல் இரு, அது போதும்" என்றாள்.

முதல் ஐந்நூறு கஜத்தில் அவசரப்படாதே என்று எழுத நினைத்தேன். உன் பயிற்சியாளர் இருக்கும்போது இடுப்பளவுத் தண்ணீர்க்காரன் சொல்ல வேண்டியதில்லை. முடித்ததும் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் இரு. கேமரா இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மஞ்சாடியைக் காணவில்லை. காலையிலிருந்து மூன்று பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம். அம்மா தன் பழைய ரவிக்கையிலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானை அறுத்துக் கொடுத்தாள். பாட்டி அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. பீரோவை நகர்த்திப் பார்க்கப்போகிறேன்.