எட்யூரோம்: சனிக்கிழமைக்குள் சான்றிதழைப் பாருங்கள்

நண்பர்களே, வணக்கம். போன வாரம் கருத்தரங்குக்கு வந்த ஓர் ஆய்வு மாணவி, எட்யூரோம் (சொந்தக் கல்லூரிக் கணக்கைக் கொண்டே மற்ற கல்லூரிகளிலும் பயன்படுத்தும் வைஃபை) இணையாமல் எங்கள் நூலக வாசலில் மடிக்கணினியோடு அரை மணி நேரம் நின்றார். பார்த்தால், அவர் கல்லூரியின் ரேடியஸ் சர்வருடைய (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கணினி) சான்றிதழ், அதாவது அது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம், காலாவதியாகியிருந்தது.

விருந்தினரின் கடவுச்சொல்லை நாம் சரிபார்ப்பதில்லை. உள்நுழைவுக் கோரிக்கை, எர்னெட் (இந்தியக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான இணைய வலையமைப்பு) நடத்தும் தேசிய சர்வர் வழியாக அவருடைய கல்லூரிக்கே போய்த் திரும்புகிறது. 1986இல் ஐஐடி மெட்ராஸ் உட்பட எட்டு நிறுவனங்களோடு தொடங்கிய எர்னெட்டில் இன்று நம் கல்லூரிகளும் இருப்பது எனக்குப் பெருமை. அதனாலேயே இந்தத் தவறு உறுத்துகிறது.

சனிக்கிழமை மாலைக்குள் உங்கள் கல்லூரி சர்வர் சான்றிதழின் கடைசித் தேதியை இங்கே பதிவிடுங்கள். அப்புறம், பக்கத்துக் கல்லூரியின் சோதனைக் கணக்கால் ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். அந்தக் கடவுச்சொல்லைக் குழுவில் போடாமல் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.