நட்சத்திரக்குறியை இரண்டு வாரம் விட்டுவையுங்கள்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ் சூப்பர் ஹீரோ ரசிகர்களுக்கு,

வணக்கம்.

மார்வெலின் 'தண்டர்போல்ட்ஸ்' படம் வந்துபோய் ஓராண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் வெள்ளவத்தையில் நம்மவர்கள் நான்கு பேர் தேநீருக்கு உட்கார்ந்தால் அந்தப் பெயர்ச் சண்டை மறுபடியும் கிளம்பிவிடுகிறது. "ஒரு பெயரில் டிக்கெட் விற்றுவிட்டு மூன்றாம் நாள் வேறு பெயரை ஒட்டினார்கள், இது பச்சை ஏமாற்று" என்று ஒரு கட்சி. "தலைப்பின் வாலில் இருந்த நட்சத்திரக்குறி (*) முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதானே இருந்தது" என்று மறு கட்சி. இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தின் மீதும் எனக்கு மனத்தாங்கல் இருக்கிறது. நேரில் பேசினால் பாதியில் குரல் உயர்ந்துவிடுகிறது என்பதால் எழுதுகிறேன். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏமாற்று என்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன். தலைப்பில் அந்தக் குறி இருக்கும், அதற்கு விளக்கம் படம் வந்த பிறகுதான் என்று மார்வெல் தலைவர் கெவின் ஃபைகி 2024இலேயே மேடையில் சொல்லிவிட்டார். சுவரொட்டியில் அந்தக் குறிக்கு அடிக்குறிப்பாக, மார்வெலின் பிரதான சூப்பர் ஹீரோ அணியான அவெஞ்சர்ஸ் இப்போது கிடைக்கமாட்டார்கள் என்ற வாசகமும் இருந்தது. ஏதோ ஒளித்து வைத்திருக்கிறோம் என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்படி விற்றதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. அந்த முடிவு கதைக்கு வெளியிலிருந்து ஒட்டப்பட்டதன்று. படத்தில் சிஐஏ இயக்குநரான வலன்டீனா பதவியும் மானமும் போகும் விளிம்பில் நிற்கிறாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தண்டர்போல்ட்ஸ் குழுவினரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் நிறுத்தி, 'புதிய அவெஞ்சர்ஸ்' என்று அறிவித்துவிடுகிறாள். குழுவில் இருக்கும் யெலெனாவும் பக்கியும் வாக்கரும் அந்தப் பெயரைக் கேட்கவே இல்லை. கமராக்களுக்கு முன்னால் திகைத்து நிற்கிறார்கள். பெயர் திணிக்கப்பட்டது என்று நீங்கள் கோபப்படுகிறீர்களே, அதே திணிப்பைத்தான் படமும் காட்டுகிறது. கடைசித் துணுக்கில், இப்போதைய கேப்டன் அமெரிக்காவான சாம் வில்சன் அந்தப் பெயருக்கு உரிமை கோருவதைப் பற்றி இவர்களே முணுமுணுக்கிறார்கள். நம் தேநீர் மேசைச் சண்டை படத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது.

இந்தப் பெயருக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1999இல் நான் பத்தாம் ஆண்டு மாணவன். மருதானைப் பழைய புத்தகக் கடை வரிசையில், ஆங்கில சஞ்சிகைக் கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை உருவி எடுத்தேன். 1997இல் வெளியான 'தண்டர்போல்ட்ஸ்' முதலாம் இதழ். கேர்ட் பியூசிக் எழுதி, மார்க் பேக்லி வரைந்தது. மேலட்டையில் யாரோ தேநீர்க் குவளை வைத்த வட்டக் கறை. கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. கடைக்காரர் அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தார்.

அவெஞ்சர்ஸ் இறந்துவிட்டார்கள் என்று உலகம் நம்பியிருக்கும் காலத்தில் நடக்கும் கதை அது. நொறுங்கிக் கிடக்கும் நியூயோர்க்கில் ஆறு பேர் புதிதாக வந்து மக்களைக் காப்பாற்றுகிறார்கள். சிட்டிசன் வீ என்ற முகமூடிக்காரன் தலைவன். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கொப்பியின் பின்பக்கத்தில் அவனை எத்தனை தடவை வரைந்தேன் என்று கணக்கில்லை. ஐந்தாறு வருடங்கள் கழித்து ஓர் இணைய நிலையத்தில்தான் அந்தக் கிழிந்த தாளில் என்ன இருந்தது என்று பார்த்தேன். சிட்டிசன் வீ முகமூடியைக் கழற்றுகிறான். உள்ளே இருப்பவன் ஹெல்முட் சீமோ, அவெஞ்சர்ஸின் பரம வைரி. ஆறு பேருமே பழைய வில்லன்கள், வேடம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் நான் எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்ன ஆயிற்று என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த இதழுக்கு முன்பே ஹல்க் கதையொன்றில் இந்தக் குழுவை நல்லவர்களாகவே நடமாடவிட்டிருந்தார்கள். வாசகன் நம்பிய பிறகுதான் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்கள். அது வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, கொழும்பில் ஒரு மூலையில், கிழிந்த பிரதியை வைத்துக்கொண்டிருந்த எனக்குக்கூட அந்த அதிர்ச்சி முழுதாகக் கிடைத்தது. தண்டர்போல்ட்ஸ் என்ற பெயரே இப்படி ஒரு கடைசிப் பக்கத்தில் பிறந்த பெயர். அன்று கெட்டவர்கள் நல்லவர்களின் வேடம் போட்டார்கள். 2025இல், தங்களை நல்லவர்கள் என்று நம்பவே முடியாத சிலரின் தோளில் நல்லவர்களின் பெயர் ஏற்றப்படுகிறது. மூலத்தை அறிந்தவர்கள் செய்த வேலை இது. இயக்குநர் ஜேக் ஷ்ரையருக்கும் எழுதியவர்களுக்கும் இந்த மதிப்பையாவது கொடுங்கள்.

ஆனால் எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும், அதையும் மறைக்கவில்லை. படத்தில் தண்டர்போல்ட்ஸ் என்பது யெலெனா சின்ன வயதில் விளையாடிய கால்பந்து அணியின் பெயர். ஒரு டயர் கடை பணம் கொடுத்து நடத்திய சிறுவர் அணி. அவளை வளர்த்த அப்பா அலெக்சி பெருமையோடு அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு வரும்போது அரங்கில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு தெருவில் ஓர் இடம் வருகிறது. யெலெனா உடைந்துபோய், தன் வாழ்க்கையில் ஒன்றுமே இல்லை என்று அழுகிறாள். நீ ஏன் கோல் காப்பாளராக நிற்க ஆசைப்பட்டாய் தெரியுமா என்று அலெக்சி நினைவுபடுத்துகிறார்: மற்றவர்கள் தவறு செய்தால் அவர்கள் நம்பிச் சாய ஒருத்தி வேண்டும் என்று நீதான் சொன்னாய் என்கிறார். அந்த நேரத்தில் அந்த அணியின் பெயர் எனக்குள் இறங்கிவிட்டது. பிறகு, அபார சக்தி கிடைத்தும் மனம் உடைந்து நிற்கும் பொப்பைச் சூழ்ந்த இருட்டுக்குள் எல்லாரும் போய் அவனை இறுகப் பிடித்துக்கொள்வதும் அதே கோல் காப்பாளர் வேலைதான். இப்படி ஒரு பெயரை மூன்றே நாளில் சுவரிலிருந்து கிழித்தார்களே என்பதுதான் என் வருத்தம்.

இனி மறு கட்சிக்கு. அமெரிக்காவில் படம் 2025 மே 2, வெள்ளிக்கிழமை வெளியானது. திங்கட்கிழமை, மே 5இல், பழைய சுவரொட்டியை நடிகர்களே கிழித்துக் கீழே புதிய பெயரைக் காட்டும் காணொளியை வெளியிட்டார்கள். விளம்பரம் என்ற அளவில் கெட்டிக்காரத்தனம்தான். அதை நொடியில் ஊரெங்கும் பரப்பியவர்கள் நாம்.

என் அக்காவின் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ட்ரெய்லர் வந்த நாளிலிருந்து அந்த நட்சத்திரக்குறிக்கு என்ன அர்த்தம் என்று ஊகித்துக்கொண்டிருந்தான். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஏழு ஊகங்களை எழுதி, எது சரியென்று பார்க்கப் பக்கத்தில் சின்னக் கட்டங்கள் போட்டு வைத்திருந்தான். எனக்கு இரண்டாவது சனிக்கிழமைதான் ஓய்வு. அதுவரை பொறுத்துக்கொள் என்றேன், பொறுத்துக்கொண்டான். வியாழக்கிழமை இரவு, வகுப்பு நண்பனின் அண்ணன் ஒருவர் அந்தப் புதிய சுவரொட்டியைத் தொலைபேசியில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். கீழே ஒரு சிரிப்புப் படமும் இருந்ததாம்.

சனிக்கிழமை போனோம். பஸ்ஸில் அவன் அதிகம் பேசவில்லை. அரங்கில் வலன்டீனா திரைக்கு முன்னால் நடந்து வந்தபோது, என் கையைத் தொட்டு, "இப்போது வரும் மாமா" என்றான். வந்தது. எங்கள் பின் வரிசையில் கூச்சல் எழுந்தது, யாரோ எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் சோளப்பொரிப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தேன், கொப்பியில் ஐந்தாவது ஊகம் சரி. ஆனால் அந்தக் கட்டத்தில் அவன் குறி போடவில்லை.

இதைத் தேநீர் மேசையில் சொன்னபோது நம்மில் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார்: சூரன் எப்படி முடிவான் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் ஒவ்வொரு ஐப்பசியிலும் சூரன் போருக்குக் கூட்டம் குறைகிறதா? பல நாள் யோசித்தேன். தலைகள் மாறுவதும், மாமரமாக நிற்பதும், கடைசியில் சேவலும் மயிலுமாக ஆவதும் நமக்குத் தெரியும். ஆனால் அது ஒருமுறை நமக்கும் தெரியாமல் இருந்தது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து, யானை முகம் போய்ச் சிங்க முகம் வந்ததைக் கண்டு அலறிய அந்த முதல் முறை இருந்ததால்தான் மறுபடியும் போகிறோம். தோளில் இருந்த பிள்ளையிடம் பக்கத்தில் நின்ற எவரும் முடிவை முந்திக்கொண்டு சொல்லவில்லை. திருவிழாவில் நம் ஊரே காக்கும் மரியாதை அது.

முதல் நாளே பார்ப்பது எல்லாருக்கும் முடிகிற காரியம் அன்று. நான்கு பேர் குடும்பத்துக்கு டிக்கெட்டும் பஸ்ஸும் தின்பண்டமும் சேர்ந்தால் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் விடுமுறைக்குக் கொழும்பு வரும் பிள்ளைகள் வந்த பிறகுதான் பார்ப்பார்கள். "இன்னுமா பார்க்கவில்லை?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அறிவித்தபடி அடுத்த அவெஞ்சர்ஸ் படம் 2026 டிசம்பர் 18இல் வருகிறது. யெலெனா, பக்கி, பொப் எல்லாரும் அதில் இருக்கிறார்கள்; பெயர்ச் சண்டைக்கு அங்கே பதில் கிடைக்கலாம். உங்களிடம் கேட்பது இதுதான். முதல் வாரம் பார்ப்பவர்கள் புது வருடம் பிறக்கும்வரை, இரண்டு வாரம், படத்தின் முடிவை எங்கும் போடாதீர்கள். சுவரொட்டி மாறினாலும், நடிகர்களே சொன்னாலும், நீங்கள் அனுப்பாதீர்கள். பேச ஆசையாக இருந்தால் பார்த்தவர்கள் மட்டும் ஓரிடத்தில் கூடுவோம், தேநீர்ச் செலவு என்னுடையது. உங்களில் யார் எந்தக் கட்சி என்றாலும் அந்த மேசையில் நான் முழுதாகக் கேட்பேன், குரலை உயர்த்தமாட்டேன்.

மருமகன் புதுக் கொப்பி ஒன்றை எடுத்துவிட்டான். இதுவரை மூன்று ஊகங்கள் எழுதியிருக்கிறான்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்களில் ஒருவன்