போகிறேன் என்றால் போய்விட்டார் என்று ஆகுமா?

மதுரை,
12.07.2022

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, 'இலங்கை அதிபர் ராஜினாமா' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். இன்று செவ்வாய். இதை எழுதும் நேரம் வரை கோத்தபய ராஜபக்சதான் இலங்கையின் அதிபர். செய்திக்குள்ளே, '13-ஆம் தேதி பதவி விலகுவதாகச் சபாநாயகரிடம் தெரிவித்துள்ளார்' என்று உங்கள் நிருபர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். தலைப்புப் போட்டவர் செய்தியைப் படிக்க நேரம் கிடைக்காத அளவுக்கு அன்று வேலை இருந்திருக்கும். சனிக்கிழமை அதிபர் மாளிகைக்குள் புகுந்த போராட்டக்காரர்கள் அங்கே கண்டெடுத்து, போலீசில் ஒப்படைத்த பணத்தை மட்டும் 1 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று கடைசி ஐம்பதாயிரம் வரை சரியாக எண்ணிப் போட்டுவிட்டீர்கள்.

தாங்கள் அறியாதது இல்லை. இருந்தாலும் அரசியல் அறிவியல் பாடம் நடத்தியவன் என்பதால் கை சும்மா இருக்கவில்லை. இலங்கையின் 1978 அரசமைப்பில் 38-வது பிரிவு இருக்கிறது. அதிபர் தன் கையெழுத்திட்டு, சபாநாயகருக்கு முகவரியிட்டு எழுதிக் கொடுத்தால்தான் பதவி காலியாகும். சனிக்கிழமை இரவு சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன சொன்னது, அதிபர் தன்னிடம் சொன்ன தகவலை. சொன்னதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. நாளை இரவு வரை அவர் மனம் மாறலாம், அதைத் தடுக்க யாராலும் முடியாது.

இதை இவ்வளவு இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 35-வது பிரிவின்படி, பதவியில் இருக்கும் வரை அதிபர் மீது வழக்குப் போட முடியாது. கையெழுத்துப் போட்ட நிமிடமே அந்தக் கவசம் கழன்றுவிடும். ஆகவே அவர் எந்த ஊரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார் என்பதுதான் இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி. கடிதம் கொடுக்காமல் அவர் நாட்டை விட்டுக் கிளம்பினால் 37-வது பிரிவு வந்து நிற்கும்: அதிபர் வெளிநாட்டில் இருந்தால் பிரதமரைத் தனக்குப் பதிலாகச் செயல்பட நியமிக்கலாம். அப்போது பதவி காலி என்று ஆகாது. ஆகாதவரை நாடாளுமன்றம் புது அதிபரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஓர் ஆள் வெளிநாட்டில் அதிபராகவும், இன்னோர் ஆள் கொழும்பில் பதில் அதிபராகவும், வீதியில் இத்தனை லட்சம் பேரும் இருப்பார்கள். உங்கள் தலைப்பின்படி பார்த்தால் இதெல்லாம் நடக்கவே வழியில்லை. அவர்தான் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாரே!

கடிதம் வந்துவிட்டால் அடுத்து என்ன என்பதற்கு 40-வது பிரிவும் 1981-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டமும் இருக்கின்றன. பதவி காலியான மூன்று நாளுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும். கூடியதிலிருந்து 48 மணி நேரத்துக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் வேட்புமனு வாங்க வேண்டும். ஒருவருக்கு மேல் போட்டியிட்டால் மனு வாங்கிய 48 மணி நேரத்துக்குள் வாக்கெடுப்பு. நேற்று அறிவித்த தேதிகளை, 15 கூட்டம், 19 மனு, 20 வாக்கெடுப்பு என்பதை, இதோடு வைத்துப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். நீங்கள் அந்த மூன்று தேதிகளையும் 'கட்சித் தலைவர்களின் பரபரப்பு முடிவு' என்று போட்டீர்கள். பரபரப்பு ஒன்றும் இல்லை. சட்டத்தைப் பார்த்து நாள் குறித்திருக்கிறார்கள். வாக்கெடுப்பு ரகசியம். 225 உறுப்பினர்களும் சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடலாம். செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளில் இருக்கும் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். வெற்றி பெறுகிறவருக்குப் புதிதாக ஐந்து ஆண்டு கிடையாது, மிச்சக் காலம் மட்டும்தான். 1993-ல் அதிபர் பிரேமதாச கொல்லப்பட்டபோது, பிரதமராக இருந்த விஜேதுங்க இந்த வழியில்தான், போட்டியே இல்லாமல், வந்தார்.

அதுவரை யார் நாற்காலியில்? பிரதமர். அதாவது ரணில் விக்கிரமசிங்க. 2020 தேர்தலில் ஒரு தொகுதியில்கூட வெல்லாத கட்சிக்குத் தேசியப் பட்டியலில், அதாவது நாடு முழுக்க வாங்கிய வாக்கைக் கணக்கிட்டுக் கொடுக்கும் இடங்களில், கிடைத்த ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர். அவரும் விலகத் தயார் என்கிறார். இரண்டு பேரும் ஒன்றாக விலகினால் பொறுப்பு சபாநாயகருக்குப் போகும். போராட்டக்காரர்கள் இருவரையும் சேர்த்துப் போகச் சொல்வதன் கணக்கு இங்கே இருக்கிறது. 'பிரதமர் மீது ஏன் இந்தக் கோபம்?' என்று உங்கள் பெட்டிச் செய்தி அப்பாவியாகக் கேட்டிருந்தது. இதனால்தான், ஐயா.

பேச்சு வந்ததால் பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் அதிபர் மீது அதிருப்தி தெரிவிக்கும் தீர்மானத்தை உடனே விவாதிக்க வேண்டும் என்ற கோரிக்கை 119-க்கு 68 என்று தோற்றது. அதற்கு 'கோத்தபய ஆட்சி தப்பியது' என்று எழுதினீர்கள். அது வென்றிருந்தாலும் அவர் அசைந்திருக்க வேண்டியதில்லை. அங்கே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றால் அமைச்சரவை கலையும், அதிபர் அப்படியே இருப்பார். அவரை நீக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 பேர், தீர்மானம் நிறைவேற்றி, உச்ச நீதிமன்றம் விசாரித்து, குற்றம் உண்டு என்று சொன்ன பிறகு மறுபடி 150 பேர் கை தூக்க வேண்டும். 1991-ல் பிரேமதாச மீது கொண்டுவந்தார்கள். முதலில் ஏற்றுக்கொண்ட சபாநாயகரே பின்னால் நிராகரித்தார், கதை முடிந்தது. டெல்லியில் நடப்பதை அப்படியே கொழும்புக்கும் பொருத்திவிடுகிறீர்கள்.

'உடனே நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்தட்டும்' என்று தலையங்கத்தில் அறிவுரை வேறு. 2020-ல் வந்த 20-வது திருத்தத்தின்படி, முதல் கூட்டத்திலிருந்து இரண்டரை ஆண்டு ஆனால்தான் அதிபர் தாமாகக் கலைக்கலாம். இந்த நாடாளுமன்றம் கூடியது 2020 ஆகஸ்ட் 20. விரலை மடக்கி எண்ணினால் 2023 பிப்ரவரி வரும். இடையில் கலைக்க வேண்டுமானால் அந்த உறுப்பினர்களே தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும். கேட்பார்கள்!

2018 அக்டோபரையும் நினைவூட்டுகிறேன். அன்றைய அதிபர் சிறிசேன, ரணிலைத் தூக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கிய மறுநாள், ஆட்சி மாற்றம் முடிந்தே போனதாக எழுதினீர்கள். டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, அதன் பிறகு சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தது செல்லாது என்றார்கள். ரணில் திரும்பி வந்தார். அன்றும் அவசரம், இன்றும் அவசரம். அன்று எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

அதிபர் மாளிகை நீச்சல் குளத்தில் போராட்டக்காரர்கள் குளிக்கும் படம் மட்டும் இதுவரை மூன்று முறை வந்துவிட்டது. மார்ச் மாதத்திலிருந்து இலங்கையை விட்டுப் படகேறி, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, கைக்குழந்தையோடு கடலோரக் காவல்படைக்குக் காத்துக் கிடந்து, மண்டபம் முகாமுக்கு வருகிறவர்களுக்கு ஒன்பதாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தி. ராமநாதபுரம் மதுரைக்கு அந்நிய தேசமா?

உங்கள் தலைப்பை யார் படிக்கிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும். ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு இது வெளிநாட்டுச் செய்தி இல்லை. ஆனையூர் டீக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய உங்கள் நாளிதழைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா மன்னாருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எல்லோர் காதிலும் விழுந்தது: "ஆர் சொன்னது? அவன் இன்னும் போகேல்ல." கடைக்காரர் நாளிதழைத் திருப்பி விளையாட்டுப் பக்கத்தை வெளியே மாட்டிவிட்டார்.

என் கோரிக்கை சின்னது. ஞாயிறு தலைப்பு தவறு என்று நான்கு வரித் திருத்தம், அதே முதல் பக்கத்தில். ராசிபலனுக்குக் கீழே வேண்டாம். வியாழக்கிழமை இதழுக்குத் தலைப்புப் போடும் முன், கடிதம் சபாநாயகர் கைக்கு வந்துவிட்டதா என்று ஒரே ஒரு போன். இந்தக் கடிதத்தை வெளியிட மனம் இருந்தால், இடம் போதவில்லை என்று பிரிவு எண்களை வெட்ட வேண்டாம். என் வசவுகளைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
செல்லூர், மதுரை.